ஊமை ட்வீட்டர்

மனைவி வாசித்துப் பதிவு செய்யும் எந்தப் புத்தகமும் கணவரின் காதைத் தாண்டாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். பதினோரு வருஷமாக அப்படித்தான் நடந்து வந்தது.

அவர் மரச்சாமான் தொழிற்சாலையில் தச்சர். அவள் வாரத்தில் ஐந்து நாள் மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். மிச்ச நேரத்தில் பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகத்துக்குப் புத்தகம் வாசிப்பாள். பின்னறையின் நாலு சுவரிலும் பழைய போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசிப்பாள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் தச்சர் கூடத்தில் உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு கேட்பார். எந்த நிமிஷத்தில் மூச்சு இரைகிறது, எங்கே தெருவில் போன வண்டியின் ஹாரன் உள்ளே நுழைந்துவிட்டது, எந்தச் சொல் வழுக்குகிறது என்று குறித்துக் கொடுப்பார். அந்த இடங்களை அவள் திரும்ப வாசிப்பாள். "உங்க வீட்டுக்காரர் காது, எங்களுக்குச் சம்பளமில்லாம கிடைச்ச இன்னொரு ஆள்" என்று நூலகச் செயலாளர் அம்மா ஒருமுறை சொன்னதை, அவர் தொழிற்சாலையில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பார்.

அவளைக் கண்டுபிடித்ததே அந்தக் காதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மரக்கிடங்கில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தாள். பலகை இருக்கிறதா என்று கேட்கக் கூப்பிட்டவர் மறுநாளும் கூப்பிட்டார், அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். தேவையில்லாத பலகைகளுக்கெல்லாம் அளவு கேட்டார். "அத்தான் எங்கக்காவைக் காதாலயே பொண்ணு பார்த்தவர்" என்று அவள் தம்பி இன்றைக்கும் கேலி செய்வான்.

இந்த வருஷம் பிறந்ததிலிருந்து நோட்டில் ஒரு சொல் பெருக ஆரம்பித்தது. தெளிவில்லை. முதலில் பக்கத்துக்கு ஒன்று, பிறகு மூன்று, பிறகு பத்து. அவள் ஐந்து பாகமுள்ள பெரிய நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். மூன்று பாகம் முடிந்திருந்தது. நாலாவது பாகத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பதினோரு தடவை வாசித்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் தலையை ஆட்டினார்.

"என்னவோ சேத்துல கால் வெச்ச மாதிரி இருக்கு. 'ச'வும் 'ஷ'வும் எங்கேயோ முழுகிப்போகுது. முன்னெல்லாம் நீ இப்படிப் படிக்க மாட்டியே."

"நல்லா அழுத்தித்தாங்க சொன்னேன்."

"நீ அழுத்தினே. எனக்கு வரலையே."

அவள் ஒலிவாங்கியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். "என் குரல் போயிடுச்சு போல" என்றாள். அவருக்கு மனசு கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளைத் தொட்டு, "விடு. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்று ஆறுதல் சொன்னார்.

அதற்குப் பிறகு நாலு மாசமாக அவள் அந்த அறைக்குள் போகவில்லை.

அந்த நாலு மாசமும் அவருக்கு வீடு வீடாக இல்லை. கடைசியில் ஒருநாள், குற்றம் அவள் குரலில் இல்லாமல் ஸ்பீக்கரில் இருக்கக் கூடாதா என்று ஒரு யோசனை வந்தது. கூடத்து ஸ்பீக்கர்கள் அவர் கையால் செய்தவை. தொழிற்சாலையில் மிஞ்சிய பலகையில் இரண்டு பெட்டி; பெட்டிக்கு ஒரு ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர். அடி ஒலியிலிருந்து மேல் ஒலி வரைக்கும் அது ஒன்றே ஓடியாடிப் பார்த்துக்கொள்ளும். ஆனால் உச்சிக்குப் போகும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த உச்சியை மட்டும் கவனித்துக்கொள்ள ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் துணைக்குப் போட்டால் போதும், அவள் குரல் பழையபடி வந்துவிடும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். அவளிடம் சொல்லவில்லை. முதலில் வரட்டும், பிறகு கூப்பிட்டுக் கேட்க வைப்போம் என்று இருந்தார்.

எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் விவரமான ஆள். "ரெண்டையும் அப்படியே ஜோடி சேர்த்துடாதீங்க சார். உங்க பெரிசு சாது. இந்தச் சின்னது வாயாடி. ஒரே கரண்ட் குடுத்தாலும் இதுதான் அதிகமாக் கத்தும். கெபாசிட்டர் ஒண்ணு போட்டாத்தான் அடி ஒலி இதுக்குள்ள போகாம இருக்கும். ரெசிஸ்டர் ஒண்ணு போட்டாத்தான் வாய் அடங்கும். எட்டு ஓமில ஆரம்பிங்க. அப்புறம் காதால கேட்டு ஏத்தி இறக்கிக்குங்க" என்று ஐந்தாறு ரெசிஸ்டர்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

காதால கேட்டு. அதைவிட அவருக்குச் சுலபமான வேலை வேறு உண்டா?

எட்டு ஓம் போட்டார். ட்வீட்டர் இருக்கிற சுவடே தெரியவில்லை. ஓம் குறைந்தால் சத்தம் கூடும் என்று ஐந்துக்கு இறக்கினார், மூன்றுக்கு இறக்கினார். ரெசிஸ்டரையே கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்தார். அப்போதும் அவள் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோலவே இருந்தது. மறுநாள் வேலை விட்டதும் கடைக்குப் போய், "ஊமை ட்வீட்டரை என் தலையில கட்டி ஏமாத்திட்டீங்க" என்று சண்டை போட்டு வேறு ஜோடி வாங்கி வந்தார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது ஜோடியும் ஊமையாகவே இருந்தது. ஒரு வாரம் தினமும் சாயங்காலம், அவள் கடைசியாக வாசித்த பதிவை ஓடவிட்டு ஓடவிட்டு ஒலியைக் கூட்டினார். அவள் சமையலறையில் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"அத்தான், அதை நிறுத்துங்க. காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு."

"எது? இதுவா? இது பேசவே மாட்டேங்குதுடா, நீ வேற."

"பேசலையா? தெருமுனையில வரும்போதே யாரோ தகரத்தைச் சுரண்டுறாங்கன்னு நெனைச்சேன்."

"உனக்கு எப்பவும் விளையாட்டுதான். இரு, காட்டுறேன்." அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஃபுல்ரேஞ்சுக்குப் போகும் வயரைக் கழற்றினார். இப்போது ட்வீட்டர் மட்டும்தான் இணைப்பில் இருந்தது. பதிவை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "பார்த்தியா, செத்துக் கிடக்கு."

மைத்துனன் அவர் முகத்தையும் ட்வீட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது.

"அத்தான், இப்ப உங்களுக்கு ஒண்ணும் கேட்கலையா?"

"என்ன கேட்கணும்?"

"'ஸ்... ஷ்... ட்'டுன்னு வருது. அக்கா படிக்கிறதுல அந்த எழுத்துங்க மட்டும் தனியா உதிர்ந்து விழுற மாதிரி. நல்லா பளிச்சுன்னு வருது, அத்தான். சீறுது."

அவர் குனிந்தார். ட்வீட்டரின் கிண்ணத்துக்குள் காதைக் கொண்டுபோய் வைத்தார். எங்கோ தூரத்தில் ஒரு எறும்பு நடந்த மாதிரி ஏதோ இருந்தது. அதுவும் நினைப்போ நிஜமோ தெரியவில்லை. மறு காதை வைத்தார். அதிலும் அதே எறும்புதான்.

"போதும், விலகுங்க. இருக்கிறதும் போயிடும்" என்று மைத்துனன் ஓடிப்போய் அணைத்தான். மாடியில் அவள் துணி உலர்த்தும் சத்தம் கேட்டது. ஈரத்துணியை உதறும் கனமான சத்தம். அது அவருக்குக் கேட்டது.

"இழைப்பு மெஷின் பக்கத்துல எத்தனை வருஷமா நிக்கிறீங்க?"

"இருபத்திரண்டு."

"காதுக்கு மாட்டுவாங்களே, அது?"

"கழுத்துல இருக்கும்."

கழுத்தில் இருக்கும். அதை மாட்டிக்கொண்டால் பலகையின் குரல் கேட்காது என்று வீராப்புப் பேசியது நினைவுக்கு வந்தது. "மாட்டிக்கிட்டு வேலை செய்யுங்களேன்" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். ஆனால் அவர் நெஞ்சை அறுத்தது அது இல்லை. முழுகிப்போகிறது என்று அவர் நோட்டில் குறித்த எழுத்துகள்தான் இப்போது அவன் காதில் பளிச்சென்று உதிர்ந்தவை. பதினோரு தடவை வாசித்தாளே. பதினோரு தடவையும் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். அவர்தான் பதினோரு தடவை தலையை ஆட்டினார். பிறகு வயசானா வர்றதுதானே என்று தோளையும் தட்டினார்.

"வரும்போதே பார்த்தேன், அக்கா காதுல பஞ்சு இருக்கு. நீங்க பார்க்கலையா?" என்றான் மைத்துனன்.

அவர் பார்க்கவில்லை.

"மேல போய் நான் சொல்லவா?"

"வேண்டாம். நான்தான் சொல்லணும். நானே சொல்றேன்."

சொல்லவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வாய் வரைக்கும் வந்தது. அவள் காய் நறுக்கிக்கொண்டே ஏதோ கேட்டாள். அவருக்குப் பாதிதான் விழுந்தது. வழக்கம்போல "வாய்க்குள்ளேயே பேசாதேன்னு எத்தனை தரம் சொல்றது" என்று சொல்லிவிட்டு, சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில் உரக்கத் திரும்பச் சொன்னாள். அந்தக் குரலுக்குப் பிறகு அவரால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. செவ்வாயன்று தொழிற்சாலையில் முதல் தடவையாகக் காதுமூடியை மாட்டிக்கொண்டார். பக்கத்து மெஷின்காரர், "என்ன தச்சரே, புதுமாப்பிள்ளை மாதிரி அலங்காரமெல்லாம் பலமா இருக்கு" என்றார். அவரால் சிரிக்க முடியவில்லை.

அவருக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே பட்டம் அந்தக் காதுதான். படிப்பு அவளுடையது, பேச்சு அவளுடையது. கேட்பது மட்டுமே அவருடையது. அதையும் இறக்கி வைத்துவிட்டு அவள் முன்னால் எப்படி நிற்பது?

புதன்கிழமை நூலகச் செயலாளர் அம்மா கூப்பிட்டாள். மனைவி போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசியதால் அவருக்கும் கேட்டது.

"நாலாம் பாகத்தை உங்களுக்காகத்தான் நாலு மாசமா பிடிச்சு வெச்சிருக்கேன். கேட்கிறவங்க எல்லாம், அந்தக் குரல் எங்கே, எப்ப வரும்னு பிச்சு எடுக்கிறாங்க. இன்னொரு அம்மா தயாரா இருக்காங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரின்னோ இல்லைன்னோ ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவள் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் எழுந்தார். இதுதான் நேரம் என்று தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் அவருக்கே தெரியாமல் வேறொன்று வந்தது.

"இங்க பாரு, உன் குரல்ல ஒரு குறையும் இல்ல. இந்த ஸ்பீக்கர்லதான் கோளாறு. மேல் ஒலியே வராம இருந்திருக்கு. இப்ப ட்வீட்டர் போட்டு சரி பண்ணிட்டேன். நீ தாராளமா படி."

அவள் திரும்பிப் பார்த்தாள். "முன்னாடி மூணு பாகமும் இதே ஸ்பீக்கர்லதானே கேட்டீங்க? அப்ப தெளிவா இருந்துச்சே."

அவர் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"எனக்காகச் சொல்றீங்க. தெரியுது." அவள் சிரிக்க முயன்றாள். "நீங்க பொய் சொன்னா காது மடல் சிவக்கும். பரவால்லைங்க. நல்ல மனசோட சொல்ற பொய்தானே."

அந்த 'நல்ல மனசு' அவரைக் கூனிக் குறுக வைத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இல்ல, நிஜமாத்தான்..." என்று முனகிவிட்டு வெளியே நடந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை அவர் வேலையிலிருந்து வருவதற்குள் அவள் நூலகத்துக்குச் சொல்லிவிட்டிருந்தாள். "விட்டுக் குடுத்துட்டேங்க. அந்த இன்னொரு அம்மா வந்து புத்தகத்தை வாங்கிட்டுப் போயிட்டாங்களாம்" என்று சாதாரணமாகச் சொல்லி, டீயை அவர் கையில் கொடுத்தாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை, நேற்று, இன்றைக்குக் காலை என்று மூன்று தடவை வாசல் திறந்திருந்தது. மூன்று தடவையும் அவர்தான் சாத்தினார். முதலில் நடந்தது தெரியாமல் செய்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதை என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவள் கடையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு வீட்டில் இருந்தார். அவள் கைப்பையை மாட்டுவதற்குள், "கொஞ்சம் வா. ஒரு வேலை இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை கழற்றிய வயரைத் திரும்ப மாட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் அவளை உட்கார வைத்து, ட்வீட்டர் வயரின் கிளிப்பை அவள் விரலில் கொடுத்தார்.

"நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். நீ இதை மாட்டு, கழட்டு, உன் இஷ்டம். ட்வீட்டர் பேசுதா இல்லையான்னு நான் சொல்றேன்."

"என்ன விளையாட்டு இது, வந்ததும் வராததுமா?"

"விளையாட்டு இல்ல. செய்."

அவள் பதிவை ஓடவிட்டாள். சுவரைப் பார்த்து நின்ற அவர், "பேசுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப இல்ல" என்றார். பிறகு, "இப்ப இருக்கு". அவள் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. "இருக்கா, இல்லையா?" என்று அவரே கேட்டார்.

"முதல்லேர்ந்து கழட்டித்தாங்க வெச்சிருக்கேன்" என்றாள் அவள். "இப்பதான் மாட்டினேன். இப்ப காதே கிழியுது. உங்களுக்கு..."

அவர் திரும்பினார். அவள் கிளிப்பைப் பிடித்தபடி அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது என்பதைத்தான் கடைசியாகச் சொன்னார்.

அவள் பதிவை நிறுத்தினாள். பதிவில் இருந்தது அவளுடைய குரல்தான்; அதன் நடுவிலேயே நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமையே."

"ஆமா."

"புதன்கிழமை அந்தம்மா பேசினப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இந்த ஸ்பீக்கர் ஒரு வாரமா என் மண்டையைப் பிளந்துச்சு. காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன். ஏன் உங்ககிட்டச் சொல்லலை தெரியுமா? நீங்க அதுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து கேட்கிறீங்க, எனக்குக் குத்துது. அப்ப குரல் போன மாதிரி என் காதும் போயிடுச்சுன்னு நெனைச்சேன். கடையில யாராவது மருந்து பேரைச் சொன்னா, தப்பாக் கேட்டு தப்பா எடுத்துடுவேனோன்னு பயந்து, ரெண்டு தரம் கேட்டு எடுத்தேன். என் காதைவிட உங்க காதைத்தாங்க நான் நம்பினேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் எழுந்து போய் நூலகத்துக்குப் போன் செய்தாள். இந்த முறை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே வந்தவள் சுருக்கமாகச் சொன்னாள். நாவல் போனது போனதுதான். அந்த அம்மா முதல் அத்தியாயத்தை வாசித்தே முடித்துவிட்டாளாம். ஐந்தாம் பாகமும் அவளுக்கே. இப்போதைக்குப் பதினோராம் வகுப்பு வேதியியல் பாடப்புத்தகம் ஒன்றுதான் வாசிக்க ஆளில்லாமல் கிடக்கிறதாம்.

"வேதியியலா?"

"சரின்னுட்டேன். பரீட்சைக்குள்ள முடிக்கணுமாம். சல்ஃபேட், பாஸ்ஃபேட்னு பக்கத்துக்கு இருபது வருது. உங்களுக்குப் பிடிச்ச எழுத்தா பார்த்து வெச்சிருக்காங்க."

அது கேலியா கோபமா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தோன்றியது.

"நான் கேட்க முடியாது இனிமே" என்றார்.

"முடியாது. அங்கேயே ஒருத்தர் கேட்பாராம். சொல்லிட்டேன்." அவள் நின்றாள். "திங்கட்கிழமை காது டாக்டர்கிட்டப் போறோம். அதையும் சொல்லிட்டேன்."

சனிக்கிழமை காலை அவள் தானாகவே வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். "இதை இப்படியே விட்டா இந்த வீட்டுல குடியிருக்க முடியாது. சரி பண்ணுங்க" என்றாள். அவர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று ஓம் வைத்தார்.

"குத்துது."

ஐந்து வைத்தார்.

"கொஞ்சம் பரவால்ல. இன்னும் பல்லைக் காட்டுது."

எட்டு ஓமை வைத்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தன் குரலைத் தானே கேட்டாள். நாலு மாசத்தில் முதல் தடவையாக அதை உட்கார்ந்து கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் முகத்தைத் தவிர அவருக்கு வேறு அளவுகோல் இல்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான்" என்றாள். "நான் நல்லாத்தாங்க படிச்சிருக்கேன்."

"ஆமா."

"உங்களுக்கு எப்படிக் கேட்குது?"

நல்லா இருக்கு என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "பழையபடிதான். கம்பளிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி" என்றார்.

அவள் தலையசைத்தாள். "கோபம் போகலை எனக்கு. சொல்லி வெச்சுடறேன். எப்பப் போகும்னு தெரியாது." எழுந்து, வேதியியல் புத்தகத்தோடு பின்னறைக்குள் போனாள்.

அவர் சால்டரிங் இரும்பைச் சூடாக்கி எட்டு ஓமைப் பற்றவைத்தார். கை வேலையில் இருக்கும்போதே, அடுத்த பெட்டிக்கும் இதேதான், கடைக்காரரிடம் திங்கட்கிழமை போய் என்ன சொல்வது என்று மனசு ஓடியது. இரண்டாவது பெட்டியைத் திறந்து ரெசிஸ்டரைக் கிளிப்பில் பிடித்துப் பதிவை ஓடவிட்டார். இரண்டு பெட்டியும் ஒன்றுபோல ஒலிக்கின்றனவா, ஒன்று தூக்கலாக இருக்கிறதா? திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குத் தெரிய வழியில்லை. அவளைக் கூப்பிட வேண்டும். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று இரும்பைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பின்னறைக் கதவு திறந்தது. புத்தகத்தில் விரலைச் செருகியபடி அவள் வந்து, அதே நாற்காலியில், இரண்டு பெட்டிக்கும் நடுவாக உட்கார்ந்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள். "குறைங்க."